கடந்த ஒரு மாதத்தில்

பட்டாணிக்குக் காலையில் கை வருவதற்கு இருபது நிமிஷம் ஆகும். ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஆனது.

கை வருவது என்பது அந்த வீட்டில் மட்டும் புழங்கிய பேச்சு. தூங்கி எழும்போது அவள் விரல்கள் பாதி மடங்கினபடி நிற்கும். நீட்டவும் வராது, மூடவும் வராது. அம்மா வாளியில் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு கைகளையும் முக்கி, ஒவ்வொரு விரலாக நீவிவிடுவாள். "கை வந்துடுச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து அப்பா கேட்பார். "பாதி வந்துடுச்சு," என்பாள் அம்மா, ஏதோ பஸ் வருவதைச் சொல்கிற மாதிரி.

பட்டாணிக்கு ஒன்பது வயது. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற அளவில் இருந்தாள் என்று வைத்த பெயர், பள்ளிக்கூடம் வரைக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. ஏழு வயதில் முழங்கால் வீங்கியது. எங்காவது விழுந்திருப்பாள் என்றார்கள். பிறகு மணிக்கட்டு, பிறகு விரல்கள். பெரியவர்களுக்கு வருகிற மூட்டுவாதம் குழந்தைக்கும் வரும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது, வேறு யாருடைய சீட்டையோ பார்த்துச் சொல்கிறார்கள் என்றுதான் அம்மா நினைத்தாள்.

அம்மா தையற்காரி. வாசல் அறையில் இரண்டு மெஷின்; ஒன்று தைக்க, ஒன்று ஓரம் அடிக்க. பள்ளிச் சீருடைதான் பிழைப்பு. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் மெஷின் மூச்சு விடாது. பாவாடைக்கு மடிப்பு எடுத்து, சட்டைக்குக் காலர் வைத்து, காஜா போட்டு, ஐம்பது ஐம்பதாகக் கட்டிவைப்பாள். துணித்தூசி குடிதண்ணீர்ப் பானையின் மூடிமேல்கூடப் படிந்திருக்கும்.

அப்பா பெயிண்டர். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் ஸ்ப்ரே அடிக்கிறவர். அவருக்கும் அதே இரண்டு மாதம்தான் முதுகு முறியும் காலம். பள்ளிக்கூட வண்டிகள் எல்லாம் புதுப்பித்துக்கொள்ள வந்து நிற்கும். துருவைச் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் அடித்து, கடைசியில் மஞ்சள். அந்தக் கடைசிப் பூச்சு அவருக்கென்றே ஒதுக்கியது. "அவன் அடிச்ச வண்டியில முகம் பாத்துத் தலை வாரலாம்" என்று மேஸ்திரி வெளியாட்களிடம் பெருமை அடிப்பார். முகமூடி, கையுறை எல்லாம் போட்டும் மஞ்சள் எப்படியோ நுழைந்துவிடும். நகக்கண்ணில், காதுமடலில், புருவத்தில். தின்னர் தொட்டுத் தேய்த்தாலும் கொஞ்சம் கூடவே வீட்டுக்கு வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊசி. வாரம் ஒன்று, தொடையில், வீட்டிலேயே. நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற அம்மாவுக்கு இந்த ஊசியைக் கண்டால் கண் இருட்டியது. அதனால் அப்பாதான் போட்டார். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தோலைக் கிள்ளிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வண்டிக்கு மேல் கோடு இழுக்கிற நிதானத்தோடு போடுவார். ஊசி பலித்தது. வீக்கம் ஒவ்வொன்றாக வடிந்தது. ஆனால் போட்ட அன்றிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை பட்டாணி வாந்தி எடுப்பாள். மூன்றாம் மாதத்திலிருந்து ஊசி போடுவதற்கு முன்பே எடுக்க ஆரம்பித்தாள்.

"பலன் இருக்கில்ல, பொறுத்துக்கோ கண்ணு," என்று அம்மா முதுகைத் தடவிக்கொடுப்பாள். வேறென்ன செய்வாள்? மலம் கழிக்கக்கூடத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை இப்போது தானே நடந்து போகிறதே.

அந்தச் சமயத்தில்தான் பட்டாணி அப்பாவிடம் ஒட்டாமல் போனாள். முன்பெல்லாம் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் நொண்டியாவது வாசலுக்கு வருவாள். சாப்பாட்டுத் தூக்கை வாங்கி, அவர் மிச்சம் வைத்துக்கொண்டு வருகிற ஒரு வாயைத் தேடித் தின்பாள். இப்போது மணி கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். கூப்பிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்கிறாள்.

"என்னைக் கண்டா பூச்சாண்டியக் கண்ட மாதிரி ஓடுறா," என்றார் அப்பா.

"ஊசி போடுற ஆளை எந்தக் குழந்தை கொஞ்சும்? சரியாகட்டும், தானா வருவா."

அவர் ஒரு காரியம் செய்து பார்த்தார். எதிர்வீட்டு நர்ஸம்மாவைக் கெஞ்சி இரண்டு சனிக்கிழமை அவரையே ஊசி போடவைத்தார். அந்த இரண்டு வாரமும் பட்டாணி கொல்லைப்பக்கம்தான் போனாள். ஆக ஊசி காரணமில்லை, தானே காரணம் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வீட்டுக்குள் வரும்போது செருமிக்கொண்டு வர ஆரம்பித்தார், அவளுக்கு எழுந்து போக நேரம் கிடைக்கட்டும் என்று.

சாப்பாட்டிலும் வீம்பு வந்தது. வாழைப்பழம் வேண்டாம். முட்டை கொடுத்தால் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு நடுவை ஒதுக்கிவைப்பாள். "நாக்கு நீண்டுபோச்சு உனக்கு," என்று அம்மா அதையும் ஊட்டப் பார்த்துத் தோற்றாள்.

ஆறாவது மாதம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஏற்பாடு. டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் குழந்தைகளிடம் கேள்விகள் கேட்பாள். பெற்றவர்களுக்குத் தனித் தாள். நோய் எவ்வளவு குறைந்தது என்று ரத்தம் சொல்லும், பிள்ளை எப்படி வாழ்கிறது என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். அங்கே வருகிற பிள்ளைகள் அவளைக் கேள்விக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள். 'கடந்த ஒரு மாதத்தில் உங்கள் குழந்தைக்குத் தானாகக் குளிப்பதில் எவ்வளவு சிரமம் இருந்தது?' இல்லவே இல்லை. 'பொத்தான் போடுவதில்?' இல்லவே இல்லை. அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றும் அதில் இருக்கவில்லை.

கேள்விக்கார அக்காவின் அறை சின்னது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கால் எட்டாத பிள்ளைகளுக்காக ஒரு மரப்பலகை.

"இது பரீட்சை இல்ல. சரி, தப்பு கிடையாது. நான் ஒண்ணொண்ணா படிப்பேன். போன ஒரு மாசத்துல அது உனக்கு எவ்வளவு தொந்தரவா இருந்துச்சுன்னு சொல்லணும். இல்லவே இல்ல, எப்பவாவது, சில சமயம், அடிக்கடி, எப்பவும். இந்த அஞ்சுல ஒண்ணு."

"அம்மாவும் இதேதான் எழுதறாங்களா?"

"ஆமா. உன்னைப் பத்தி அவங்க நினைக்கிறத எழுதுவாங்க."

"ரெண்டும் வேற வேறயா இருந்தா யாருக்கு மார்க் கொறைப்பீங்க?"

அக்கா சிரித்தாள். "யாருக்கும் இல்ல. சரி, ஆரம்பிக்கலாமா? ஒரு தெருவுக்கு மேல நடக்கறது?"

"சில சமயம்."

"ஓடறது?"

"ஓடினதில்ல."

"வலிக்கும்ங்கறதாலயா?"

"வலிக்குமான்னு தெரியாது. விளையாட்டு பீரியட்ல டீச்சர் எனக்கு நாற்காலி போட்டுடுவாங்க."

அக்காவின் பேனா ஐந்து கட்டங்களுக்கு மேலே ஒரு சுற்றுப் போய் வந்தது. எதிலும் அது உட்காரவில்லை.

"தானா குளிக்கறது?"

"அம்மா குளிப்பாட்டுவாங்க."

"பொத்தான் போடறது?"

"அம்மா."

"அம்மா இல்லாதப்ப?"

"அம்மா இல்லாம இருந்ததில்லையே," என்றாள் பட்டாணி, இது என்ன கேள்வி என்பதைப் போல.

"பயமா இருக்கறது?"

"சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை, நாளைக்கு சனிக்கிழமைன்னு இருக்கும்ல."

"வியாழக்கிழமை?"

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். "வியாழக்கிழமை பரவால்ல."

அக்கா அடிக்கடி என்ற கட்டத்தில் குறித்தாள். இப்படி இருநூறு பிள்ளைகளிடம் கேட்டிருப்பாள். பாதிப் பேர் அவளுக்குப் பிடிக்கும் என்று ஏதாவது சொல்வார்கள். பாதிப் பேர் சீக்கிரம் முடியட்டும் என்று சொல்வார்கள். இந்தப் பெண் ஒவ்வொரு கேள்வியையும் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மருந்து வயித்தப் பிரட்டறது?"

பலகைமேல் இருந்த கால்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

"எப்பவும்," என்றாள் கடைசியில். "மருந்து உள்ள போகவே வேணாம். பாத்தாலே வரும். அது மஞ்சளா இருக்கும்."

"ஊசியப் பாத்தாலா?"

"ஊசி மட்டும் இல்ல. வாழைப்பழம். முட்டை நடுவுல இருக்கறது. எங்க டீச்சரோட குடை." நிறுத்தினாள். குரல் இறங்கியது. "அப்பா."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பாவா?"

"அப்பா ஸ்கூல் பஸ்ஸுக்கு மஞ்சள் அடிப்பாரு. நகத்துல இருக்கும். காதுல இருக்கும். பக்கத்துல வந்தா வயிறு பொரட்டிக்கிட்டு வரும். அப்பா மேல வாந்தி எடுத்துட்டா அவருக்குக் கஷ்டமா இருக்கும்ல? அதான், அவர் வரும்போது பின்னாடி போயிடுவேன்."

"அப்பாகிட்ட இத சொன்னியா?"

"சொன்னா வேலைய விட்டுடுவாரு."

"அப்படியெல்லாம் யாரும் விடமாட்டாங்கம்மா."

"உங்களுக்கு எங்கப்பாவத் தெரியாது," என்றாள் பட்டாணி.

இதை எழுத அந்தத் தாளில் இடமில்லை. அக்கா தாளைத் திருப்பி வெறும் பக்கத்தைப் பார்த்தாள். "மருந்து ஒத்துக்கலன்னு டாக்டரம்மாவுக்குத் தெரியணும். அவங்ககிட்ட மட்டும் சொல்லலாமா?"

"மஞ்சளச் சொல்லுங்க. பஸ்ஸச் சொல்லாதீங்க."

அக்கா அப்படியே எழுதினாள். பஸ் என்ற சொல் அதில் இல்லை.

டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பட்டாணியைக் கேள்விக்கார அக்கா எடை பார்க்கக் கூட்டிப்போயிருந்தாள்.

"போன தடவை பதினொரு மூட்டு வீங்கியிருந்துச்சு, இப்ப ரெண்டு. ரத்தமும் நல்லா இருக்கு. இத மட்டும் பாத்தா, ரொம்ப சந்தோஷம், இதே ஊசிய இன்னும் ரெண்டு வருஷம் போடுங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்," என்றார். "ஆனா இங்க பாருங்க. உங்க கணக்குப்படி உங்க பொண்ணோட வாழ்க்கை நூத்துக்கு எண்பத்து நாலு. அவ கணக்குப்படி முப்பத்தெட்டு."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் எழுதல டாக்டரம்மா."

"பொய்னு சொல்லல."

"பொத்தான் போடறதுல சிரமமான்னு கேட்டிருந்துச்சு. பொத்தானே நான்தான் போடறேன். அப்ப அவளுக்கு சிரமம் இல்லதானே? குளிக்க வைக்கறது நான். சோறு பிசைஞ்சு குடுக்கறது நான். எதுல அவளுக்கு சிரமம் வரும்? நான் வரவிட்டாத்தானே வரும்?" சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வார்த்தையில் தானே நின்றாள். பிறகு மெதுவாக, "ஆறு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்ல வந்து பாத்திருக்கணும் நீங்க. அத வெச்சுப் பாத்தா எண்பத்து நாலு கம்மி," என்றாள்.

"நீங்க எங்கிருந்து பாக்கறீங்களோ அங்கிருந்து அது சரிதான்," என்றார் டாக்டரம்மா. "அவ இருக்கற இடம் வேற. இந்த மருந்து அவளுக்கு மனசளவுல ஒத்துக்கல. நிறம் மஞ்சள் இல்லையா? இப்ப எந்த மஞ்சளப் பாத்தாலும் வயித்தப் பிரட்டுது. பழம், முட்டை, குடை, எது கிட்ட வந்தாலும். சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும். வீம்பு இல்ல. அவளால அத நிறுத்த முடியாது."

அம்மா, "அட, அதான் அந்த முட்டை..." என்று ஆரம்பித்தாள்.

அப்பா மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். அன்று காலையில்தான் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார், ஆஸ்பத்திரிக்கு வருவதால். பத்து நகத்திலும் மெல்லிய கோடாக அது இருந்தது. கைகளை எடுத்து மடியில் வைத்தார். பிறகு அங்கிருந்தும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா வேறொரு ஊசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: இரண்டு வாரத்துக்கு ஒன்று, தண்ணீர் மாதிரி நிறமில்லாதது, ஆனால் போடும்போது நெருப்பாக எரியும். சில பரிசோதனைகள் செய்ய வேண்டும், விலை அதிகம் என்பதால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், இந்த இரண்டு தாளையும் சேர்த்தே அனுப்புவேன், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் பழையதை நிறுத்தினால் வீக்கம் திரும்பலாம். நிறுத்துவதா தொடர்வதா என்று அவளையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவளைக் கேட்டபோது அவள் பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு திரும்பியதும் அப்பா நகவெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சதை தெரியும் வரை வெட்டினார். இரண்டு விரலில் ரத்தம் வந்தது. மறுநாள் பட்டறையில் மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"அண்ணே, எனக்குப் பட்டி வேலை குடுங்க. பிரைமர் வரைக்கும் பாத்துக்கறேன். மஞ்சள் வேண்டாம்."

மேஸ்திரி டீக் குவளையை வாயிலிருந்து எடுத்தார். "வெயில் மண்டைக்கு ஏறிடுச்சாடா? முப்பத்தாறு வண்டி நிக்குது. பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்."

"பொண்ணுக்கு ஆகலண்ணே."

"பெயிண்ட் வாடையா? அதுக்கென்ன, இங்கயே குளிச்சிட்டுப் போ."

"வாடை இல்ல. நிறம்."

"நிறமா?"

"மஞ்சளப் பாத்தா வாந்தி வருது. அதோட மருந்து அந்த நிறம்."

கம்ப்ரஸர் தடதடவென்று ஓடி நின்றது. மேஸ்திரி வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். ஏற்கெனவே முடிந்த பன்னிரண்டு வண்டி வெயிலில் கண் கூசும்படி மின்னின. "நிறங்கூடவா ஒரு உசுருக்கு ஆகாம போகும்?" என்றார்.

"போயிருக்குண்ணே."

"எம் மச்சான அடிக்கச் சொல்றேன். வழியவிட்டு நாசம் பண்ணுவான். நீ அதப் பாத்துக்கிட்டு வாய மூடிட்டு இருக்கணும். ஒரு வார்த்தை பேசினே, ஸ்ப்ரே கன்ன உங்கையில திணிச்சிடுவேன், சொல்லிட்டேன்."

மச்சான் வழியவிட்டான். முதல் வண்டியின் ஜன்னலுக்குக் கீழே கண்ணீர் வடிந்த மாதிரி நான்கு கோடு. அப்பா பக்கத்து வண்டியில் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே பார்த்தார். பல்லைக் கடித்தார். கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிடா என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தலைமுதல் கால்வரை பிரைமர் தூசியோடு சாம்பல் நிறத்தில் வீட்டுக்கு வந்தார். செரும மறந்துவிட்டார். பட்டாணி எழுந்திருக்க நேரமில்லாமல் அறை நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு ஓரக்கண்ணால் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள்.

"பேய் மாதிரி இருக்கீங்க," என்றாள்.

"பேய்னா பரவாயில்லையா?"

"பேய் பரவால்ல."

அவர் அங்கேயே, கதவுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் கிட்டே வரவில்லை. ஆனால் கொல்லைக்கும் போகவில்லை. சாப்பாட்டுத் தூக்கை அவள் வந்து வாங்கிக்கொண்டது ஐந்தாவது நாள். மஞ்சள் ஏன் நின்றது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊசி நின்ற மூன்றாவது வாரம் டாக்டரம்மா சொன்னது நடந்தது. வலது முழங்கால் முதலில், பிறகு இரண்டு மணிக்கட்டும். காலையில் இருபது நிமிஷம் ஒரு மணியாகி, ஒன்றரையானது. வெந்நீரை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று ஊரிலுள்ள பாதிப் பிள்ளைகள் அம்மா தைத்த சீருடையில் தெருவில் போனார்கள். பட்டாணி போகவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை.

"நல்லா இருந்த பிள்ளைய..." என்று அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஆரம்பித்தாள். அப்பா வேலையிலிருந்து வந்து ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "நடந்துட்டு இருந்தா. தானா நடந்து போயிட்டு இருந்தா. வாந்திதானே, உசுரா போச்சு? நீங்களாச்சும் ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அவளக் கேட்டுத்தானே..."

"ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவ உங்ககிட்ட வரணும், உங்களுக்கு அதான். அதுக்காக அவ கால முடக்கிட்டீங்க."

அப்பா சட்டையைப் பிழிவதை நிறுத்தினார். அந்தச் சொல் போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்துவிட்டது என்று அம்மாவுக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"நான் நாளைக்கே பழைய ஊசிய வாங்கிட்டு வரேன்," என்றார் அவர். "மஞ்சளும் அடிக்கப் போறேன். அவ கால் நல்லா இருந்தா சரி. என்கிட்ட வராட்டிப் போகட்டும்."

"அம்மா."

பட்டாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடுவாசலில் நின்றாள். கட்டிலிலிருந்து அங்கே வர எத்தனை நேரம் ஆனதோ தெரியாது.

"வலிச்சா அழலாம்மா. வாந்தி வரும்போது அழக்கூட முடியாது."

அம்மா எழுந்து ஓடி அவளைத் தூக்கப் போனாள். பட்டாணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தூக்காத. நானே போயிடுவேன். மெதுவாப் போவேன்."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டடி தூரத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வெளியே மழை ஒருமுறை வலுத்து ஓய்ந்தது. பழைய ஊசியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அன்று அம்மா மூன்று பேருக்கும் கஞ்சி ஊற்றினாள். அப்பாவின் கிண்ணத்தில் இரண்டாவது கரண்டியை அவர் போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினாள். அவர்களுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அப்படித்தான்.

புது ஊசி ஆறாவது வாரம் வந்தது. அது எரிந்த எரிச்சலில் பட்டாணி கத்திய கத்தல் எதிர்வீட்டு நர்ஸம்மாவை வாசலுக்கு வரவழைத்தது. அப்பா ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை எண்ணினார். பதினைந்தில் எரிச்சல் அடங்கியது. பட்டாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதானா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் கழித்து ரொட்டி கேட்டுத் தின்றாள். முதல் ஊசியில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு முழங்கால் தன் வடிவத்துக்குத் திரும்ப ஆரம்பித்தது. மஞ்சள் அவளுக்கு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வாழைப்பழத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள். பட்டறையில் இப்போது வெளியூர் வண்டிகளுக்கு நீலம் அடிக்கிற காலம். அப்பா மறுபடி ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்திருந்தார்.

அம்மாவுக்குத்தான் புது மருந்து கடினமாக இருந்தது. பட்டாணி தானே குளிக்கிறேன் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நின்று, "சோப்பு எட்டுதா? கால் வழுக்குதா?" என்று நூறு தடவை கேட்பாள். உள்ளேயிருந்து, "போம்மா, போய்த் தை," என்று பதில் வரும். போய் உட்கார்ந்து மெஷினை மிதிக்காமல் காது கொடுத்துக்கொண்டிருப்பாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே தாள். மகளுடைய எண் அறுபத்தேழு. அம்மாவுடையது அறுபத்தொன்று.

"அவளோடது ஏறியிருக்கு, உங்களோடது எறங்கியிருக்கே," என்று டாக்டரம்மா கேட்டார்.

"இப்பதான் பாத்து எழுதியிருக்கேன்," என்றாள் அம்மா.

அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. பெற்றவர்கள் இரண்டு பேரும் உடனே வர வேண்டும். ஆள் வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா கையிலிருந்த காலர் துண்டைக்கூடக் கீழே போடாமல் ஓடினாள். வழியில் பட்டறையில் புகுந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள். வழி முழுக்க, விழுந்திருப்பாள் என்றுதான் இரண்டு பேருக்கும் மனசுக்குள் ஓடியது.

பட்டாணி டீச்சரின் அறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முழுசாக இருந்தாள்.

"உக்காருங்க," என்றார் டீச்சர். "இத எப்படிச் சொல்றதுன்னே தெரியல. உங்க பொண்ணு ரொம்ப சாது. ரெண்டு வருஷமா இவளப் பத்தி ஒரு குறை வந்ததில்ல. இன்னைக்குத் தண்ணிக் குழாய்கிட்ட ஒரு பொண்ணப் பிடிச்சுத் தள்ளிட்டா. அந்தப் பொண்ணு சேத்துல விழுந்து பாவாடையெல்லாம் போச்சு. அவங்க அம்மா வந்து கத்திட்டுப் போறாங்க."

"யாரு?" என்றார் அப்பா. "எங்க பொண்ணா?"

"இவதாங்க."

"தள்ளினாளா?"

"ரெண்டு கையாலயும்."

அம்மா எழுந்து போய்ப் பட்டாணியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏண்டி தள்ளின?"

"நான் வரிசையில நின்னேன். அவ நடுவுல பூந்தா."

"பூந்தா தள்ளிடறதா? டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? இத்தனை நாள் யாரும் நடுவுல பூரலையா?"

"தெனம் பூருவா," என்றாள் பட்டாணி. "தெனமும் தள்ளணும்னுதான் இருக்கும். கை வலிக்கும்னு விட்டுடுவேன்."

டீச்சர் எதையோ தேடுவதுபோல் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அம்மா மட்டும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கற. பாவாடை நான் தைச்சுத் தரேன்னு சொல்லு," என்றாள்.

"கேக்கறேன்."

பள்ளிக்கூடம் விடும் மணி அடித்தது. மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் அம்மா பட்டாணியின் வலது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டை. பிறகு இடது கை. எங்கும் சூடில்லை, வீக்கமில்லை. உள்ளங்கையில் மட்டும் சேறு காய்ந்திருந்தது. பார்த்து முடித்த பிறகும் பிடியை விடவில்லை. வாசலில் பிள்ளைகள் கூட்டமாக முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"விடும்மா," என்றாள் பட்டாணி. "எல்லாரும் பாக்கறாங்க."

அம்மா விட்டாள்.